ஜெர்மனிக்கு வழி உண்டு, தஞ்சைக்கு வழி இல்லையா?

வெளிநாட்டுக்குப் போய், அந்நாட்டார் வீட்டிலேயே தங்கி, ஜெர்மன் மொழி பயிலும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றி நம் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். ரயில்வேயிலும் கட்டட வேலையிலும் கார்மெண்ட்ஸிலும் உடலை வருத்திப் பிழைக்கும் நமக்கு அந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். ஒரு மொழியை எப்படிப் படித்தால் அது மனிதரை மனிதரோடு சேர்க்கிறது, அந்தப் படிப்பு யார் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, யார் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை என்ற கேள்வி, பிற மாநிலத்தில் வாழும் தமிழரைப் போல் வேறு யாரையும் சுடாது. ஆகவே எழுதுகிறேன்.

பெங்களூர்த் தமிழனுக்கு ஜெர்மனி முற்றிலும் அந்நியமான நாடு அல்ல. 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ, ஜெர்மனியின் பாஷ் குழுமத்தைச் சேர்ந்தது. ஆடுகோடியில் மைக்கோ வேலை என்றால் பெண் கொடுக்க ஆள் வரிசையில் நின்ற காலத்தை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்கள் ஜெர்மன் இயந்திரத்தோடு பழகினார்கள். ஜெர்மன் மொழியோடு பழகும் வேளை வரவில்லை. இன்று இந்திரா நகர் மாக்ஸ் முல்லர் பவனில் அந்த மொழியைக் கற்பிக்கிறார்கள். 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு, திறன்பெற்ற இந்தியத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 20,000 என்று இருந்த விசா எண்ணிக்கையை 90,000 வரை உயர்த்துவதாக அறிவித்தது. அதன்பின் செவிலியரும் பொறியாளரும் அந்த மொழியை இன்னும் கூடுதலாகத் தேடுகிறார்கள். அது வேலைக்கான படிப்பு. அதைக் குறைத்துப் பேசவில்லை.

நான் பேசுவது வேறொரு படிப்பைப் பற்றி. ஏ.எப்.எஸ். என்றொரு அமைப்பு இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டோரை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் தொண்டர்களால் உருவானது அது. போர்க்களத்தில் பிணங்களைக் கண்ட அந்த மனிதர்கள்தான், நாடு விட்டு நாடு பள்ளிப் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளும் வேலையை 1947இல் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை அங்கே போகும். அங்கே ஒரு குடும்பம், கூலி எதுவும் வாங்காமல், அதைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வைத்துக்கொள்ளும். இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். ஜெர்மன் வெளியுறவுத் துறை 2008இல் தொடங்கிய பள்ளிக் கூட்டுறவுத் திட்டத்தின் வழியாகச் சில வாரப் பயிற்சிக்குப் போகிறவர்களும் உண்டு.

விருந்தாளிப் பிள்ளை

போய்வந்த பிள்ளைகள் சிலர் சொல்லக் கேட்டதை இங்கே தொகுக்கிறேன். முதல் மாதம் வாய் திறக்காது. வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமலே தானும் சிரிக்கும். இரவுச் சாப்பாடு என்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆறியபடியே மேசைக்கு வரும். சுடச்சுட ரசத்துக்கு நாக்கு ஏங்கும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. தெருவே உறங்குவது போலிருக்கும். அந்த மாதங்களில் அழாத பிள்ளை இல்லை.

அப்புறம் மொழி மெல்லப் பிடிபடும். அதில் நம் பிள்ளைக்கு ஒரு சலுகை உண்டு. ஆங்கிலத்தில் யாரையும் 'யூ' என்று சொல்லிவிடலாம், ஜெர்மனில் முடியாது. நெருங்கியவருக்கு 'டூ', மரியாதைக்குரியவருக்கு 'ஸீ'. நீ, நீங்கள் என்று பழகிய நாக்குக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் அவர்கள் வினைச்சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பார்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளை அங்கே திணறும். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கும் கன்னடப் பிள்ளைக்கும் அது சொந்த வீடு போல. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை என்று கேட்கும்போது சிரிப்பு வரும். சின்னப் பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லும் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத பாலில் வரும். குழந்தை அழுகிறது, குழந்தை சிரிக்கிறது என்று அஃறிணையில் சொல்லும் நாம் இதற்கு ஆச்சரியப்படத் தேவையில்லை.

மொழியோடு அந்த ஊரின் உண்மையும் தெரிய வரும். ஜெர்மானியர் நேரந்தவறாதவர் என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் போன பிள்ளை, ரயில் மேடையில் காத்து நிற்கும். நான் ரயில்வேக்காரன் ஆகையால் இதைக் குறித்து வைத்திருக்கிறேன்: 2024இல் அந்நாட்டு நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்கு 62, 63தான் நேரத்துக்கு வந்தன, ஆறு நிமிடத்துக்குள் வந்தாலே நேரத்துக்கு வந்ததாகத்தான் அவர்களுடைய கணக்கு. கவுண்டரில் திட்டு வாங்கும் நம் தோழர்களுக்கு இது ஓர் ஆறுதல்! அதே ரயில் நிலையத்தில், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் சில்லறைக்காகக் குப்பைத் தொட்டியில் கை விடும் முதியவரையும் அந்தப் பிள்ளை பார்க்கும். பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே, இவன் பல்கலைக்கழகத்துக்கு, இவன் பட்டறைக்கு என்று பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிக்குப் பிரித்துவிடுவதையும் பார்க்கும். பணக்கார நாட்டிலும் ஏழை உண்டு, வர்க்கம் உண்டு என்பதைப் பிரசங்கம் கேட்காமலே தெரிந்துகொள்ளும்.

பத்து மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு அங்கே ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு தம்பி இருப்பார்கள். இனி யாராவது 'ஜெர்மன்காரனே இப்படித்தான்' என்று மொத்தமாகத் தூற்றினால் அது நம்பாது. மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம் நினைவுக்கு வந்துவிடும். இந்தப் படிப்பின் பயன் அதுதான். சான்றிதழ் அதற்கு அடுத்தது.

விருந்தாளித் தொழிலாளி

இனி மறுபக்கம். அதே ஜெர்மனி 1961 அக்டோபரில் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளரை அழைத்துக்கொண்டது. அவர்களுக்கு வைத்த பெயர் 'காஸ்ட்ஆர்பைட்டர்', அதாவது விருந்தாளித் தொழிலாளி. பெயரில்தான் விருந்து. வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்ற கணக்கில், சுரங்கத்திலும் உருக்காலையிலும் கார்த் தொழிற்சாலையிலும் அவர்களை நிறுத்தினார்கள். 1973இல் ஆளெடுப்பு நின்றது. வந்தவர்களில் ஏராளமானோர் அங்கேயே தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். அவர்களுக்கு ஜெர்மன் மொழி யார் கற்றுக்கொடுத்தது? ஆங்காங்கே சில வகுப்புகள் நடந்தன. ஆனால் வந்து குடியேறுவோருக்கு 600 பாடநேர மொழி வகுப்பு என்று அரசே சட்டப்படி ஏற்பாடு செய்தது 2005இல்தான். ஒப்பந்தம் போட்டு 44 ஆண்டு கழித்து!

விருந்தாளிப் பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவும் கிடைக்கிறார்கள். விருந்தாளித் தொழிலாளிக்கு மெஷினும் தங்கும் கொட்டகையும் கிடைத்தன. இரண்டு பேரும் ஒரே நாட்டுக்குத்தான் போனார்கள், ஒரே மொழியைத்தான் எதிர்கொண்டார்கள்.

இந்தக் கதை நமக்குப் புதிதா? 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது பட்டாளத்தின் பின்னே வந்தவர்கள் நம் முன்னோர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தபோது அந்த ரயிலோடு வந்தார்கள். ஆலைகளுக்கு வந்தார்கள், கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கம் மூடும்வரை பூமிக்கு அடியில் உழைத்தார்கள். இவர்களுக்குக் கன்னட வகுப்பு நடத்தியவர் யார்? தண்ணீர்க் குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் தானாகக் கற்றுக்கொண்ட கன்னடம் அது. அதற்குச் சான்றிதழும் இல்லை, பாராட்டு விழாவும் இல்லை. அவர்கள் கற்ற கன்னடத்தைக் 'கொச்சை' என்று சிரித்தவர்கள் உண்டு. நம்மிலேயே 'நமக்கெதற்குக் கன்னடம்' என்று பேசியவர்களும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை.

பகைவர் செய்ததை உறவினர் செய்யக் கூடாதா?

1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை சண்டையிட்ட நாடுகள் பிரான்சும் ஜெர்மனியும். கடைசிச் சண்டை முடிந்து பதினெட்டு ஆண்டு ஆனதும், 1963 ஜனவரி 22இல் தெகோலும் அடெனாவரும் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு இரு அரசும் சமமாகப் பணம் போட்டு ஓர் இளைஞர் அலுவலகத்தை ஏற்படுத்தின. இவன் பிள்ளை அங்கே, அவன் பிள்ளை இங்கே. அன்று முதல் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் அதன் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள். தொழில் பழகும் பிள்ளைகளும் அதில் உண்டு. பிள்ளைகளை மாற்றிக்கொண்டதால் மட்டுமே சண்டை நின்றது என்று சொல்ல மாட்டேன். நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் நிர்வகிக்க 1951இலேயே உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆனால் நிலக்கரி ஒப்பந்தத்தை மக்கள் மனத்தில் நிலைக்க வைத்தது பிள்ளைகளின் போக்குவரத்து.

1983இல் அமெரிக்கப் பாராளுமன்றமும் ஜெர்மன் பாராளுமன்றமும் சேர்ந்து இன்னொரு திட்டம் தொடங்கின. தேர்வாகும் ஜெர்மன் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் பாதுகாவலராகப் பெயர் கொடுக்கிறார். செலவு இரு நாட்டுப் பொதுப்பணம். பள்ளிப் பிள்ளையோடு தொழிற்கல்வி முடித்த இளைஞருக்கும் அதில் இடம் உண்டு. வசதியுள்ள வீட்டார் சில லட்சம் கட்டி அனுப்பும் சுற்றுலாவாக விடாமல், அரசின் கடமையாக அதை எடுத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2011இல் கேந்திரிய வித்யாலயாக்கள் கதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஜெர்மனை மூன்றாம் மொழியாக வைத்தன. ரயில்வே ஊழியர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அவை. கேங்மேன் மகளுக்கும் கிளார்க் மகனுக்கும் தனிச் செலவில்லாமல் ஜெர்மன் கிடைத்தது. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், மத்திய அரசு அதை நிறுத்திச் சமஸ்கிருதத்தைக் கொண்டுவந்தது. சுமார் 70,000 பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். அப்புறம் ஜெர்மன் விருப்பப் பாடமாக ஒதுங்கிவிட்டது. வசதியுள்ளவர் பிள்ளை தனியார் பள்ளியில் தொடர்ந்து படித்தது. நம் பிள்ளையின் புத்தகம்தான் பரணுக்குப் போயிற்று.

உள்நாட்டிலேயே பிள்ளைகளை மாற்றும் ஏற்பாடும் இல்லாமல் இல்லை. 1980களின் நடுவில் தொடங்கிய நவோதயா பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேரை ஓராண்டு வேறு மாநிலத்துக்கு மாற்றும் விதி உண்டு. கிராமத்து ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அது. ஆனால் மாற்றம் இந்தி பேசும் மாவட்டத்துக்கும் இந்தி பேசாத மாவட்டத்துக்கும் இடையில்தான். மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாடு அப்பள்ளிகளை ஏற்கவில்லை. 2015இல் 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' என்ற திட்டத்தை அறிவித்து மாநிலங்களை ஜோடி சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஜம்மு காஷ்மீர், கர்நாடகத்துக்கு உத்தராகண்ட். தூரத்து ஜோடி நல்லதுதான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடிக்கடி மனத்தாங்கல் வரும் பக்கத்து வீட்டை விட்டுவிட்டு, ஆயிரம் கல் தொலைவில் உறவு தேடுவது என்ன கணக்கு?

காவிரியின் இரு கரைப் பிள்ளைகள்

ஜெர்மானியர் நம் இரண்டு மொழிகளையும் கற்றவர்கள் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குக்கு அப்போது 24 வயது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கிட்டல் என்ற ஜெர்மானியர் 1894இல் கன்னட - ஆங்கில அகராதியை வெளியிட்டார். பெங்களூரில் அவருக்குச் சிலை உண்டு. ஏழு கடல் தாண்டி வந்தவருக்கு இரண்டு மொழியும் தேவைப்பட்டன. ஒரே ஆற்றின் தண்ணீரைக் குடிக்கும் மண்டியாப் பிள்ளைக்கும் தஞ்சைப் பிள்ளைக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. முகமும் தெரியாது.

முகம் தெரியாததால் வரும் கேட்டை நாம் 1991 டிசம்பரில் பார்த்தோம். 2016 செப்டம்பரில் மறுபடியும் பார்த்தோம். 1991இல் நான் பள்ளிச் சிறுவன். தெருவில் கூச்சல் கேட்டபோது, பக்கத்து வீட்டுக் கன்னடத்து அஜ்ஜி எங்கள் குடும்பத்தைத் தன் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். மூன்று இரவு அங்கே ராகி முத்தை சாப்பிட்டோம். அவர் எங்களைக் காத்தது எந்தக் கொள்கையாலும் அல்ல. பல வருஷம் முகம் பார்த்துப் பேசிய பழக்கத்தால்தான். இப்படி எத்தனையோ வீடுகள் அன்று திறந்தன. நம் உறுப்பினர்களில் பலர் இதற்குச் சாட்சி.

அல்சூரில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9இல் திறக்கப்பட்டது. நாலு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. நல்ல காரியம். சிலைகளை மாற்றிக்கொண்ட இரு மாநிலங்களும் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளக் கூடாதா? 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று கூடி உட்கார்ந்து பேசினார்கள். பெரியவர்கள் பேச முடிந்த இடத்தில் பிள்ளைகள் பழக முடியாதா?

மண்டியாவிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு பருவம் தஞ்சை மாவட்டத்து விவசாயி வீட்டில் தங்கட்டும். கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்கட்டும். தஞ்சைப் பிள்ளை மண்டியாவில் தங்கி, மழை பொய்த்த ஆண்டில் கண்ணம்பாடி அணையின் மட்டம் எவ்வளவு என்று அந்த வீட்டார் தினமும் கவலையோடு கேட்பதைப் பார்க்கட்டும். தண்ணீரின் அளவு இதனால் கூடிவிடாது. தீர்ப்பும் ஆணையமும் தத்தம் வேலையைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கு ஒருவன் கல்லை எடுக்கச் சொல்லும்போது, 'அங்கே எனக்கு ஓர் அம்மா இருக்கிறாள்' என்று நினைக்கும் இளைஞர் ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள்.

இதற்கு வழிச்செலவு பெரிதா? மைசூரிலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போகும் எக்ஸ்பிரஸில் மாலையில் மண்டியாவில் ஏறினால் விடியலில் தஞ்சாவூர். விசா வேண்டாம், விமானம் வேண்டாம்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, ஜெர்மன் முதலிய அயல்மொழிகளும் பரிமாற்றப் பயணமும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும். கர்நாடகமும் ஜெர்மனியின் பவேரியாவும் 2007 முதல் நட்பு மாநிலங்கள். அந்த நட்பில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பொதுச்செலவில் இடம் ஒதுக்கக் கோருவோம்.

இரண்டாவது, கர்நாடகமும் தமிழ்நாடும் சமமாகப் பணம் போட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பரிமாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும். விவசாயி, தொழிலாளி, தலித் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம்.

மூன்றாவது, அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருக்கத் தேவையில்லை. மே மாதம் இரு மாநிலப் பள்ளிகளுக்கும் விடுமுறை. நம் சங்கத்தில் பத்துக் குடும்பங்கள் முன்வந்தால் போதும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளையை ஒரு கன்னட வீட்டில் தங்க வைப்போம். அந்த வீட்டுப் பிள்ளையை அங்கே அனுப்புவோம். பிள்ளை தங்கப்போகும் வீட்டை நம் தோழர் இருவர், அதில் ஒருவர் பெண், முன்கூட்டியே போய்ப் பார்த்து வர வேண்டும். வாரம் ஒருமுறை பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். இந்த இரண்டையும் எழுதி வைத்த விதியாகக் கொள்வோம்.

இதைப் பேசும்போது ஓர் ஆட்சேபம் கட்டாயம் வரும்: 'கன்னடத்தில் ஊறினால் நம் பிள்ளை தமிழை விட்டுவிடாதா?' 1983க்குப் பின் போரால் விரட்டப்பட்டு ஜெர்மனி போன ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பள்ளியில் நாள் முழுதும் ஜெர்மன். வார இறுதியில் பெற்றோர் நடத்தும் தமிழ் வகுப்பு. கற்ற மொழி வந்ததால் பெற்ற மொழி போவதில்லை. வீட்டில் பேசாமல் விட்டால்தான் போகும். அந்தப் பொறுப்பு நம்முடையது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். டிக்கெட் கவுண்டரில் கற்ற நாலு மொழிதான் என் சொத்து. நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தோழர்கள் தம் கருத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லட்டும். பிள்ளையை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் குடும்பங்கள் அந்தந்தக் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.